என் பிளசருக்கு வயசு சொன்ன மகராசனுங்க

ரோட்டுல குறுக்க வர்ற எருமைய மன்னிச்சுடலாம், பக்கத்து சீட்டுல குந்திகினு வண்டியப் பத்திப் பேசுற ஆள மன்னிக்கவே முடியாது. வாடகைக் கார் ஓட்டிப் பொழச்சவன் எவனை வேணாலும் கேட்டுப் பாருங்க, இதத்தான் சொல்லுவான்.

நான் ஓட்டுனது எழுபதுகள்ல. செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசல்ல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம். ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிகினு ஏத்துற வண்டி. ஜனங்க அத டாக்சின்னு சொல்ல மாட்டாங்க, பிளசர்னுதான் சொல்லுவாங்க. வெள்ளக்காரன் உல்லாசமா சவாரி போறதுக்கு வெச்ச பேரு அது. முன்னாடி மூணு பேரு, பின்னாடி அடைச்ச வரைக்கும் ஆளு, டிக்கியில மீன் கூடைன்னு நான் ஓட்டுனதுல இன்னா உல்லாசம் இருந்துச்சோ, மலைமேல இருக்கிற ஈஸ்வரனுக்குத்தான் வெளிச்சம்.

வண்டி அமெரிக்காவுது. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், பேரைச் சொன்னாலே "எந்த மாடல்?"னு கேக்க இதப் படிக்கிறவங்கள்லயே நாலு பேரு எழுந்து நிப்பீங்க. கப்பல் மாதிரி வண்டி, அவ்வளவு தெரிஞ்சா போதும். என் வூட்ல அடுப்பு எரிஞ்சது அதாலதான். வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து, ஓட லாயக்குன்னு எஃப்.சி. குடுக்கணும். அந்த வருஷம் ஒரு பேச்சு கெளம்புச்சு. சண்டைக்கு முந்தி செஞ்ச வண்டிங்கள இனிமே வாடகைக்கு விடக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்களாம். சண்டைன்னா ஹிட்லர் சண்டை. என் வண்டியோட காயிதத்துல சண்டைக்கு அப்புறம்னுதான் இருந்துச்சு. அது மொதல் சொந்தக்காரரு இங்க வந்து பதிஞ்ச வருஷம். அமெரிக்காவுல எப்ப செஞ்சான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. யாரும் கேக்காத வரைக்கும் எனக்குச் சோறு. இதத் தெரிஞ்சுகினு மேல படிங்க, அப்பத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

பானெட்டுக்குள்ள ரெண்டு தலை

சபாபதி வக்கீலு திருக்கழுக்குன்றத்துக்காரரு. தினம் காலைல என் வண்டியிலதான் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வருவாரு. முன் சீட்டு அவருக்குப் பட்டா போட்டுக் குடுத்த மாதிரி. வேற யாராச்சும் குந்திட்டா மூஞ்சி தொங்கிடும். பையில கேஸு கட்டு இருக்குதோ இல்லியோ, கார் படம் போட்ட இங்கிலீஷ் பத்திரிகை இருக்கும். சொந்தமா ஒரு சைக்கிள் கூடக் கெடையாது. ஆனா எந்த ராஜா எந்தக் கார வெச்சிருந்தாரு, அது இப்ப எவன் வூட்டுக் கொட்டாயில கெடக்குதுன்னு கேட்டுப் பாருங்க, மூச்சு விடாம சொல்லுவாரு. அவருக்கு ஜோடி ரெக்கை சார். பட்டாளத்து ஏரோப்ளேனுக்கு ரிப்பேர் பாத்து ரிட்டயராகி, மாமல்லபுரத்துல தங்கச்சி வூட்டோட வந்து இருந்தவரு. வாயத் தொறந்தா ஏரோப்ளேன் ரெக்கையப் பத்தித்தான் பேச்சு. ஸ்டாண்டுல நாங்க அந்தப் பேரே வெச்சுட்டோம். பொழுது போவலேன்னா செங்கல்பட்டு வரைக்கும் வந்துட்டு, சாயங்காலம் வக்கீலோடவே திரும்புவாரு.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷன்ல ஆள் ரொம்பிடுச்சு. ஒரு டீ குடிச்சுட்டு எடுக்கலாம்னு போனேன். திரும்பி வந்து பாத்தா பானெட்டு தூக்கி நிக்குது, உள்ள ரெண்டு தலை. வண்டிக்குள்ள இருக்கிற ஜனம் வேத்துக் கொட்டி முனகுது, ஒரு கொழந்த அழுவுது. பெட்ரோல் வெல ஏறி எல்லாரும் வாயில அடிச்சுகினு இருந்த காலம் அது. பழைய எஞ்சின் குடிக்கிற குடிக்கு எனக்குக் கட்டுப்படியாவல. ஒரு டீசல் எஞ்சினப் புடிச்சுப் போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி இடத்த வெட்டி ஒட்டி, நானும் ஒர்க்‌ஷாப்புக்காரனும் சாப்பாடு தண்ணி இல்லாம ஒக்காந்து செஞ்சோம். அத வக்கீலு பொணத்தப் பாக்குற மாதிரி பாத்துகினு நின்னாரு. சார், நேரமாவுது, மூடுங்கன்னு மரியாதையாத்தான் சொன்னேன். அவரு நிமுந்து என்னையே பாத்து சொன்னாரு: "இந்த எஞ்சினை மாத்தினவன் கையை வெட்டணும்யா."

மகாராசா சீட்டு

காலைல என் மொதல் சவாரி கன்னியம்மாதான். மாமல்லபுரத்துக்குத் தெக்க குப்பத்துல இருந்து மீன் எடுத்துகினு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்களுக்கெல்லாம் அவங்கதான் தலைவி. பஸ்ஸுல மீன் கூடைய ஏத்த மாட்டான். கண்டக்டரு தூரத்துலயே மூக்கப் புடிச்சுப்பான். அதனால அவங்களுக்கு என் வண்டிய விட்டா கதியில்ல, எனக்கும் அவங்கள விட்டா கதியில்ல. மழையோ புயலோ, கடல்ல மீன் கெடச்சா எனக்குச் சவாரி நிச்சயம்.

அன்னிக்கு டிக்கி ரொம்பிப் போய், ஒரு சங்கரா மீன் கூடைய முன்னாடி கால்மாட்டுல வெச்சுட்டாங்க. திருக்கழுக்குன்றத்துல வக்கீலு ஏறுனாரு. கூடையில இருந்து சொட்டுற தண்ணி அவரு செருப்புக்கு வந்துச்சு. கோவம் செருப்புக்காக வரல, பாருங்க, சீட்டுக்காக வந்துச்சு. இந்த மாதிரி வண்டியில மகாராஜா உக்காந்து போயிருக்காரு, இதோட தோலு எந்த ஊர்ல இருந்து வந்தது தெரியுமா, இதுல மீன் தண்ணிய ஊத்துறீங்களே, உங்களுக்கெல்லாம் சரித்திரம்னா இன்னான்னு தெரியுமான்னு வழி நெடுக லெக்சரு. அந்தத் தோலு கிழிஞ்சு நான் ரெக்சின் போட்டு ரொம்ப நாளாச்சு. எனக்கு ஸ்டீரிங்க விட்டுட்டு அவரைப் புடிச்சுத் தள்ளிடலாமான்னு இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஈர மணல்ல குந்தி ஏலம் எடுத்துகினு வர்ற பொம்பளைங்ககிட்ட பேசுற பேச்சா அது? கன்னியம்மா எல்லாத்தையும் கேட்டாங்க. வெத்தலய மென்னுகினே மொள்ளமா சொன்னாங்க: "மகாராசா எறங்கிட்டாரு சாமி, இப்ப நாங்க ஏறிக்கினு கீறோம், கொஞ்சம் தள்ளி குந்து."

நடுரோட்டுல ஏரோப்ளேன்

பூஞ்சேரிப் பையன் ஒருத்தன், வெள்ள வேட்டி, வெள்ள சட்ட, கையில ஒரு பழப் பை. மதுராந்தகத்துல பொண்ணு பாக்கப் போறான். அவங்க அப்பா அம்மா முன்னாடி நாளே போய்ட்டாங்க. காலைல பாசஞ்சரப் புடிச்சாத்தான் நல்ல நேரத்துக்குள்ள போவ முடியும்னு ஏறும்போதே எங்கிட்ட சொல்லிட்டான். போயிடலாம் தம்பி, கவலப்படாதன்னு நானும் வாக்கு குடுத்துட்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி வர்றோம், மேல ஏரோப்ளேன் சத்தம். ரெக்கை சாரு காத நிமித்துனாரு. அடுத்த நிமிஷம் அந்த மனுசன் குறுக்க கைய நீட்டி என் ஸ்டீரிங்கப் புடிச்சுட்டாரு. நிறுத்துய்யா, நிறுத்துன்னு கத்துறாரு. வேற வழி? நிறுத்துனேன். ரெண்டு பேரும் எறங்கி நடுரோட்டுல அண்ணாந்து நின்னுட்டாங்க. வக்கீலு கேஸு கட்ட நெத்திக்குக் குடையாப் புடிச்சுகினு, இது அவ்ரோ ஏரோப்ளேன்னாரு. சத்தத்தக் கேட்டா தெரியலியா, டக்கோட்டான்னாரு ரெக்கை சாரு. டக்கோட்டா சண்டையில மூட்ட தூக்குனது, சண்டை முடிஞ்சு பாசஞ்சர் தூக்குனதுன்னு அதுக்கு ஒரு பெரிய புராணம். பின்னாடி ஒரு மாட்டு வண்டிக்காரன் வழி விடச் சொல்லித் திட்டுறான். அது இவங்க காதுல விழல, ஆகாசத்துலதான் காது.

ஏரோப்ளேன் கண்ணுக்கு மறஞ்சப்புறம் ஏறுனாங்க. இவங்க அடிச்ச கூத்துல எஞ்சின் நின்னு போச்சு. பேட்டரி அன்னிக்குன்னு பார்த்து மக்கர். எறங்கித் தள்ளுனது யாரு? அந்தக் கல்யாண மாப்பிள்ளை தள்ளுனான். வெள்ள வேட்டி செம்மண்ணாப் போச்சு. ஸ்டேஷனுக்கு வந்தா கடைசிப் பொட்டி எங்கள விட்டுப் போய்கினு கீது. பையன் கண்ணுல தண்ணி. பொண்ணு வூட்ல இன்னா சொல்லுவேன், ஏரோப்ளேன் பாத்துகினு இருந்தேன்னா சொல்லுவேன்னு கேட்டான். ரெக்கை சாரு அவன் தோளத் தட்டி ஆறுதல் சொன்னாரு: "ரயில் தினமும் வரும் தம்பி, டக்கோட்டா இனிமே எப்போ வரும்?"

டீக்கடை வழக்கு

இவ்வளவும் பொறுத்துக்கலாம். பொறுத்துக்க முடியாதது அப்புறம்தான் ஆரம்பிச்சுச்சு. ஸ்டேஷன் எதிர்ல டீக்கடையில ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் வண்டி சண்டைக்கு முந்தினதா, பிந்தினதான்னு ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துச்சு. வக்கீலு முந்திங்கிறாரு, ரெக்கை சாரு பிந்திங்கிறாரு. சண்டை நடந்த வருஷங்கள்ல அமெரிக்காக்காரன் ஜனங்களுக்குக் கார் செய்றத நிறுத்திட்டு டாங்கியும் ஏரோப்ளேனும் செஞ்சானாம். அதனால ஒண்ணு முந்தி, இல்ல பிந்தி, நடுவுல கெடையாதாம். ஒவ்வொரு நாளும் ஒண்ணு கண்டுபுடிச்சுகினு வருவாங்க. ஒரு நாள் லைட்டு, ஒரு நாள் படி, ஒரு நாள் கதவுக் கைப்பிடி. நான் மாத்துன சாமானெல்லாம் நடுவுல பூந்து அவங்களக் கொழப்புச்சு. லாரி லைட்டும் ஜீப்பு ஸ்பிரிங்கும் என்னக் காப்பாத்துதுன்னு உள்ளுக்குள்ள கும்பிட்டுகினேன். நான் ரெக்கை சாரு கட்சி. அந்த ஆளு என்னிக்கும் தோக்கக் கூடாதுன்னு வேண்டிக்காத சாமி இல்ல.

எஃப்.சி. நாளு நெருங்குச்சு. வக்கீலத் தனியாக் கூப்புட்டு, விஷயத்த உள்ளது உள்ளபடி சொன்னேன். இந்தப் பேச்ச இன்ஸ்பெக்டர் காதுல போட்டுடாதீங்க சார், புள்ளகுட்டிக்காரன்னேன். அவரு என் கையப் புடிச்சுகினு, பைத்தியமா எனக்கு, உன் சோத்துல மண்ணப் போடுவனான்னாரு. கண்ணு கலங்கிப் போயிட்டேன், நெசமா. இத ஸ்டாண்டுல ஏழுமலைகிட்ட சொன்னேன். அவனும் என்ன மாதிரி வண்டி ஓட்டுறவன், மனுசன எடை போடத் தெரிஞ்சவன். பீடியக் கீழ போட்டு மிதிச்சுட்டு சொன்னான்: "அண்ணாத்த, வாய வெச்சுகினு சும்மா இருந்தா அவரு இன்னாத்துக்கு வக்கீலுக்குப் படிச்சிருக்கப் போறாரு?"

கொளவாய் ஏரிக்கரையில தீர்ப்பு

எஃப்.சி. பாக்குறது செங்கல்பட்டு ஏரிக்கரை ஓரம் மைதானத்துல. லாரி, பஸ்ஸு, வாடகைக் காருன்னு வரிசை. மொத நாளே வண்டியத் தேச்சுக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு நிறுத்திட்டேன். இன்ஸ்பெக்டரு கறாரான ஆளு, ஆனா கெட்டவரு இல்ல. ஓட்டிப் பாத்தாரு, பிரேக்கு அடிச்சுப் பாத்தாரு, ஹாரன், லைட்டு, டயரு எல்லாம் பாத்தாரு. ஒரு குத்தம் சொல்ல முடியல. காயிதத்தப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. சண்டைக்கு அப்புறம் வந்த வண்டிதானேன்னாரு. காயிதத்துல அப்படித்தான் சார் போட்டிருக்குதுன்னேன். சரின்னு பேனாவத் தொறந்தாரு.

அப்ப வந்தாங்க ரெண்டு பேரும். கறுப்புக் கோட்டு பறக்க வக்கீலு முன்னாடி, ரெக்கை சாரு பின்னாடி. சார், ஒரு நிமிஷம், இவரு சொல்றது தப்புன்னு இப்பவே நிரூபிக்கிறேன்னு வக்கீலு இன்ஸ்பெக்டரத்தான் கூப்புடுறாரு. அவங்க வழக்குக்கு ஒரு ஜட்ஜு தேவைப்பட்டுச்சு, வண்டியப் பத்தித் தெரிஞ்ச சர்க்கார் ஆளு இவருதானே! நான் கண்ண ஜாடை காட்டுறேன், கையெடுத்துக் கும்புடுறேன், கோட்டப் புடிச்சு இழுக்குறேன். ஒண்ணும் ஏறல. வக்கீலு நேராப் போய் முன் கண்ணாடிக்குக் கீழ கீற சின்னக் கைப்பிடியத் திருகுனாரு. கண்ணாடி அப்படியே வெளிப்பக்கம் தூக்கிக்கிச்சு. காத்து வர்றதுக்காக வெச்சது அது. வண்டியில நான் மாத்தாத சாமான் அது ஒண்ணுதான். இந்த மாதிரி தொறக்கிற கண்ணாடி சண்டைக்கு அப்புறம் வந்த வண்டி எதுலயாவது உண்டா, காட்டச் சொல்லுங்க பாக்கலாம்னு மைதானம் கேக்குற மாதிரி வாதாடுனாரு.

நான் உங்களக் கேக்கலியேன்னாரு இன்ஸ்பெக்டரு. உண்மைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா சார்னாரு இவரு. லாரிக்காரன் பஸ்ஸுக்காரன் எல்லாம் சுத்தி நின்னுட்டான். நான் ரெக்கை சாரு மூஞ்சியப் பாத்தேன். எதிர்த்துப் பேசுய்யா, எதையாச்சும் பேசுய்யான்னு மனசுக்குள்ள கதறுறேன். அந்த ஆளு கண்ணாடியத் தடவிப் பாத்தாரு, குனிஞ்சு பாத்தாரு, வக்கீல் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. ஒத்துக்கறேன், சண்டைக்கு முந்தினதேதான்னாரு. சுத்தி நின்ன பயலுவ கை தட்டுறான். இன்ஸ்பெக்டரு பேனாவ மூடி சட்டப் பையில சொருவிகினாரு. என்னத் தள்ளி அழைச்சுகினு போய் சன்னமா சொன்னாரு: "எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்யா. இப்போ ஊரே கேட்டுடுச்சு, நான் என்ன பண்ண?"

கௌரவம்

எஃப்.சி. கெடைக்காத வண்டிய வூட்டுக்கு ஓட்டிகினு வந்து கொட்டாயில நிறுத்துனேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மாலைய அத்துக் கோழிக்குப் போட்டேன். சாயங்காலம் வக்கீலு வூடு தேடி வந்தாரு. மன்னிப்பு கேக்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன், நான் ஒரு மடையன். மெட்ராஸ்ல பழைய வண்டி வெச்சிருக்கிற பெரிய மனுசங்ககிட்ட சொல்லியிருக்கிறாராம், ஞாயித்துக்கிழமை பாக்க வருவாங்களாம், அதுக்குள்ள பழைய எஞ்சின் எங்க கெடக்குதுன்னு தேடி வெக்கணுமாம். அப்பத்தான் நான் வாயத் தொறந்தேன். அவரு படிப்பு, கோட்டு, அவரு வம்சம் எதையும் பாக்கல. தெருவே வெளிய வந்து கேட்டுச்சு. என் சோத்துல மண்ணப் போட மாட்டேன்னு கையப் புடிச்சுச் சொன்ன வாய்தானே அது, அந்த வாயில புத்து வெக்கன்னேன். அழுதுட்டேன் கூட. அவரு நெசமாவே புரியாம முழிச்சாரு. "உன் வண்டிக்கு அதோட கௌரவத்தை வாங்கிக் குடுத்திருக்கேன், சந்தோஷப்படாம திட்டுறியே!"

பஸ் ஸ்டாண்டுல ஒரு மனுசன்

அப்புறம் நான் வேற ஒருத்தரோட அம்பாசடருக்குக் கூலி டிரைவரா போனேன். தொர சொல்ற எடத்துக்கு ஓட்டணும், மீன் கூடைய ஏத்துனா சீட்டக் கிழிச்சுடுவாரு. கன்னியம்மா கூட்டம் கூடையத் தலையில வெச்சுகினு பஸ்ஸுக்கு நின்னு, கண்டக்டருகிட்ட வசவு வாங்கி, பாதி நாளு திருக்கழுக்குன்றத்துலயே அடிமாட்டு வெலைக்கு வித்துட்டுத் திரும்புனாங்க. என்ன ரோட்டுல பாத்தா, உன் பிளசரு எப்ப நைனா வரும்னு கேப்பாங்க. எனக்கு அந்த ரோட்டு வழியா போறதுக்கே கூச்சமாயிடுச்சு.

மழக்காலத்துல ஒரு நாள் காலைல தொரய எறக்கி விட்டுட்டுக் கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு வழியா வர்றேன். சபாபதி வக்கீலு ஒரு கையில கேஸு கட்டு, ஒரு கையில குடை, கோட்டு முழுக்கச் சேறு, ரொம்பி வழியிற பஸ்ஸுல தொத்தப் பாத்து முடியாம நிக்கிறாரு. என்னப் பாத்ததும் ஓடி வந்தாரு. கோர்ட்டுக்கு லேட்டு, ஜட்ஜு ரெண்டு தடவ திட்டிட்டாரு, பஸ்ஸுல நிக்க எடமில்ல, எல்லாம் உன்னாலதான்னு ஆரம்பிச்சாரு. ஜன்னல்ல கைய வெச்சுகினு மனசு நொந்து சொன்னாரு: "நீ வண்டிய நிறுத்தினதுல இருந்து நான் படுற பாடு யாருக்கய்யா தெரியுது?"

பொம்பளகிட்ட வயசையும் ஆம்பளகிட்ட சம்பளத்தையும் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்ச பெரியவங்க, வாடகைக் காருக்காரன்கிட்ட வண்டியோட வயசையும் கேக்கக் கூடாதுன்னு சேத்துச் சொல்லிட்டுப் போயிருந்தா, அந்த வக்கீலும் கோர்ட்டுக்கு நேரத்தோட போய்ச் சேந்திருப்பாரு.